மூன்று வீட்டுக் கடிதங்கள்

கடிதம் வேண்டும் என்ற விதியைச் சங்கத்துக்குள் கொண்டு வந்தவள் நஸீறாதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடந்தவற்றுக்கு வேறு யாரையாவது நொந்துகொள்ளலாமா என்று அவள் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் யோசனை ஊரைச் சுற்றிவிட்டு அவளிடமே வந்து நின்றது.

சாய்ந்தமருதில் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த மாடி வீடுகளில், இரண்டாம் தட்டில், அவளும் புருஷன் சரீபும் இருக்கிறார்கள். சரீப் முன்பு கரைவலைக்குப் போனவர். முழங்கால் விட்டுப் போன பிறகு ஓட்டோ ஓட்டுகிறார். நஸீறாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருடமாக அவள் செய்கிற வேலை, படுக்கையில் விழுந்த பெண்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது.

யாரும் அவளுக்கு இதைப் படிப்பிக்கவில்லை. மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் துணைக்கு நின்றவள், நர்ஸ்மார் என்ன செய்கிறார்கள் என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியை இடுப்புக்குக் கீழே விட்டு ஆளை எப்படி நோகாமல் புரட்டுவது, முழங்கால்களுக்கு இடையில் தலையணையை எங்கே வைப்பது, மூக்குக் குழாயில் கஞ்சி விடும்போது தலைமாட்டை எவ்வளவு உயர்த்துவது, எல்லாம் அங்கே பார்த்ததுதான். மாமியார் மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு பக்கத்துக் கட்டில்காரியின் மகள் தேடி வந்து, "எங்கட உம்மாவையும் அப்பிடிப் பார்ப்பீங்களா?" என்று கேட்டாள். அப்படித் தொடங்கியது.

போகப்போக அவளுடைய கை தானாகவே படித்துக்கொண்டது. புறங்கையைத் தோலில் வைத்தாலே அது எந்த இடத்தில் கெட்டுப்போகப் பார்க்கிறது என்று தெரியும். தொழுகை வக்துக்கு வக்து பாங்கு கேட்கும்போது ஒரு தரமும், இடையில் ஒரு தரமும் ஆளைத் திருப்புவாள். கழுவிக் காயவைத்த மணலை ஒரு தட்டில் வைத்திருந்து, தண்ணீரில் கைகால் கழுவுவதற்குப் பதிலாகப் படுத்தபடியே தயம்மும் செய்விப்பாள். நாக்கு இழுத்துப்போய், சொந்தப் பிள்ளையின் பெயரையே சொல்ல முடியாமல் கிடந்த ஒரு கிழவி, தொழுகையில் அத்தஹிய்யாத்து ஓதும் இடம் வந்ததும் சுட்டுவிரலை மெல்ல உயர்த்துவாள். அந்த விரலைப் பார்ப்பதற்காகவே நஸீறா பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கேட்கும்படி ஓதுவாள்.

சங்கம் தொடங்கக் காரணம் ஒரு சாவு. வேலைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆன ஒருத்தி, ஒரு நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்தே கஞ்சி பருக்கினாள். கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது. அந்தக் கதை கல்முனை முழுவதும் பரவி, "காசுக்குப் பார்க்க வாறவளுகள் எல்லாம் இப்பிடித்தான்" என்று ஆனது. ஹமீட் சேர் நாலு பேரைக் கூப்பிட்டுக் கதைத்தது அதற்குப் பிறகுதான். அவர் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் ஆண்கள் வார்ட்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நோயாளியோடு கதைப்பது போலவே எல்லோரோடும் மெதுவாகவும் சத்தமாகவும் கதைப்பார். எழுத்து வேலைக்கு அப்னா இருந்தாள். இருபத்தேழு வயது, என்.வி.கியூ. என்ற தொழிற்சான்றிதழில் மூன்றாம் தரம் முடித்தவள், கொழும்பில் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவள்.

ஆட்களைச் சேர்த்தது நஸீறா. சரீபின் ஓட்டோவில் மருதமுனைக்குப் போனாள், நற்பிட்டிமுனைக்குப் போனாள், பஸ் ஏறிக் கோமாரி வரைக்கும் போனாள். "சங்கமா? அதில சேர்ந்தா எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டவர்களிடம், "இப்ப நம்மளுக்கு ஒரு பேர் இல்ல. பேர் கிடைக்கும்," என்றாள்.

"வீட்டில ஒழுங்கா ஒரு மீன் ஆக்கிறதுக்கு நேரமில்ல, ஊருக்குத் தலைவியாகப் போறாவாம்," என்றார் சரீப்.

"நீங்க பிடிச்சிக்கொண்டு வாற மீனுக்குத்தானே நான் சட்டி கழுவி வெச்சிக் காத்துக்கொண்டு இரிக்கன்."

கல்முனையில் ஒரு டியூட்டரி மண்டபத்தை சனிக்கிழமை பின்னேரங்களில் தந்தார்கள். கரையோர இல்லப் பராமரிப்பாளர் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் கொம்பாசால் பெயர் வெட்டிய மேசைகளில் உட்கார்ந்து நாற்பத்தொரு பேர் சங்க விதிகளை யாப்பாக எழுதினார்கள். ஏழாம் விதி வந்தபோது, முழு உறுப்பினராக என்ன தகுதி வேண்டும் என்று ஹமீட் சேர் கேட்டார். அப்னா, "என்.வி.கியூ. இருக்கிற ஆக்கள் அப்பிடியே வரலாம். மத்த ஆக்களுக்கு அனுபவம்," என்றாள்.

நஸீறா எழுந்தாள். "அனுபவம் எண்டு ஆரும் வாயால சொல்லலாம். ரெண்டு நாள் பார்த்தவளும் அனுபவம் எண்டுதான் சொல்லுவாள். மூண்டு வீட்டுக் கடிதம் வேணும். ஆறு மாசத்துக்குக் கொறையாமப் பார்த்திரிக்கணும். வீட்டுக்காரர் கையெழுத்து வெக்கணும், அந்தப் பிரிவு கிராம சேவகர், ஜி.எஸ்., சீல் அடிக்கணும். நோயாளிட கிளினிக் கொப்பிட போட்டோக் கொப்பியும் வேணும், எந்த மாசம் தொடங்கி எந்த மாசம் வரைக்கும் எண்டு பார்க்கிறதுக்கு. சொந்த உம்மா, சொந்த மாமியப் பார்த்தது கணக்கில்ல. அது கடம. சொந்தமில்லாத வீடா இரிக்கணும்."

"கொஞ்சம் கடுமையா இரிக்கே," என்றார் ஹமீட் சேர்.

"கடுமையா இரிந்தாத்தான் சேர் மதிப்பாங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓட்டோவில் வீடு வரும் வரைக்கும் அவள் காதில் இருந்தது.

ஐப்பசியில் ஹமீட் சேர் நல்ல செய்தி ஒன்று கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நோயாளிகளின் குடும்பங்களுக்கு, வீட்டில் பார்க்க ஆள் வேண்டுமென்றால், ஜனவரி முதல் சங்கத்தின் முழு உறுப்பினர் பட்டியலையே கையில் கொடுப்பார்களாம். யாப்பின் பிரதியையும் ஆஸ்பத்திரியில் வாங்கிவிட்டார்கள். இனி உறுப்பினர் அட்டையும் இலக்கமும் இல்லாதவளை யாரும் தேடப் போவதில்லை. நஸீறா சந்தோஷப்பட்டாள். அப்போது அவள் கையில் நோயாளி யாரும் இல்லை. கடைசியாகப் பார்த்த வீட்டில் மருமகள் இனித் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். ஜனவரியில் எல்லாம் ஒழுங்காகத் தொடங்கும் என்று இருந்தாள்.

முழு உறுப்பினராக விண்ணப்பிக்கும் படிவங்களைப் பார்க்கும் குழுவில் அவளும் இருந்தாள். நற்பிட்டிமுனை அஸ்னா ஒரு கடிதமும் இல்லாமல் வந்தாள். நாற்பது வயது, மூன்று வீட்டில் எட்டு வருடம் பார்த்தவள். அவளுடைய கைகளைப் பார்த்தாலே தெரிந்தது, டெட்டோலில் ஊறி ஊறி வெளுத்த விரல்கள்.

"நல்லாப் பார்த்திரிந்தா எழுதித் தருவாங்கதானே, புள்ள. போய்க் கேளுங்க."

"கேட்டன் ராத்தா. எழுத மாட்டாங்க. ஒங்களுக்கும் எழுத மாட்டாங்க."

"எனக்கா?" நஸீறாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் போன வீடுகளில் பெருநாளுக்கு இன்றைக்கும் அவளுக்கென்று சாப்பாடு எடுத்து வைக்கிறார்கள். படிவத்தை மடித்து அஸ்னாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

தன்னுடைய கடிதங்களுக்காக முதலில் அவள் போனது கல்முனைக்குடியில் ஹப்ஸா வீட்டுக்கு. ஹப்ஸா பள்ளிக்கூட ரீச்சர். அவளுடைய உம்மாவை நஸீறா நாலு வருடம் பார்த்தாள். உம்மா மவுத்தாகி இரண்டு வருடம்.

"கடிதமா ராத்தா? எத்தின வேணும் சொல்லுங்க. நீங்க இல்லாட்டி எங்கட உம்மா ஒரு வருஷம் கிடந்திரிக்க மாட்டா," என்று படிவத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டாள் ஹப்ஸா. வாசிக்க வாசிக்க அவள் குரல் இறங்கியது. பேனையை மூடி வைத்தாள்.

"என்ன மகள்?"

"இதில ஜி.எஸ். சீல் அடிக்கணுமா?"

"ஓம். அதுதான் சட்டம்."

ஹப்ஸா எழுந்து போய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ராத்தா, இந்த வீடு எனக்குச் சீதனமா வந்தது. அதில ஆருக்கும் கத இல்ல. நற்பிட்டிமுனை வயல உம்மா பொறகுதான் எழுதினா. தன்னக் கடைசி வரைக்கும் நான் பார்க்கணும், அதுக்குத்தான் வயல் எண்டு காணி உறுதியில போட்டிரிக்கா. என்ட கூடப்பொறந்த காக்காமார் ரெண்டு பேரும் இப்ப வழக்குப் போட்டிரிக்காங்க, நான் பார்க்கல்ல, கூலிக்கு ஆள் வெச்சன் எண்டு. நான் கோட்டில என்ன சொல்லியிரிக்கன் தெரியுமா?"

நஸீறா சாத்திய கதவைப் பார்த்தாள்.

"நீங்க வந்து போன ஆள் எண்டு சொல்லியிரிக்கன். சொந்தம், ஒத்தாசைக்கு வந்து போன எண்டு. இதில நானே கையெழுத்து வெச்சி, சீலும் அடிச்சித் தந்தா, வயல நானே கொண்டுபோய் அவங்கட கையில குடுக்கிற மாதிரி."

"நான் ஆருக்கும் காட்ட மாட்டன்."

"நீங்க காட்ட மாட்டீங்க. காகிதம் சங்கத்துப் பைலில கிடக்கும். எங்கட சின்னக் காக்காட மனிசிட தங்கச்சி ஒங்கட சங்கத்திலதான் இரிக்கா." ஹப்ஸா நஸீறாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க பார்த்தத நான் இல்ல எண்டு சொல்லல்ல ராத்தா. அல்லாஹ்வுக்குத் தெரியும்."

அல்லாஹ்வுக்குத் தெரிந்ததை ஜி.எஸ்.ஸிடம் எப்படிக் கொண்டுபோய்க் காட்டுவது என்று நஸீறாவுக்குத் தெரியவில்லை. ஹப்ஸா கட்டித் தந்த தொதலையும் வாழைப்பழச் சீப்பையும் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

அடுத்தது மருதமுனை, ஜுனைட் சேர் வீடு. பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடப் பிறந்த பெண்கள் இல்லாததால் உம்மா அவரோடு இருந்தார். மூன்று வருடம் பாரிசவாதம். அப்போது அவர் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அறை வாசலில் நின்று, "உம்மா, போயிட்டு வாறன்," என்று சொல்வார். பின்னேரம் வந்து வாசலில் நின்று, "உம்மா, வந்திட்டன்," என்பார். அறைக்குள் வரமாட்டார். வாடை தாங்காது என்றில்லை, உம்மாவை அந்தக் கோலத்தில் பார்க்க மனம் வராது என்று அவருடைய மனைவி சொல்வாள். நஸீறா அதைத் தப்பாக நினைத்ததில்லை. சில பிள்ளைகள் அப்படித்தான்.

உம்மா மவுத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய அன்று அவர் ஒரு நினைவு மலர் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். அதில் அவர் எழுதிய கட்டுரைக்கு 'எனது கைகளால்' என்று தலைப்பு. உம்மாவைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, முதுகுக்கு மருந்து போட்டது எல்லாம் வரிசையாக இருந்தது. ஒன்றுகூடத் தவறில்லை, எல்லாம் நஸீறா அவருக்குச் சொன்னவைதான். குசினியில் சோற்றுச் சஹன் தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவள் அதை வாசித்தாள். அன்றைக்கு அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. நல்லாத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்தாள்.

இப்போது ஜுனைட் சேர் படிவத்தை இரண்டு தரம் வாசித்தார். "நஸீறா, நீங்க எங்கட குடும்பத்தில ஒராள்."

"அது தெரியும் சேர். இது நான் ஒங்கட குடும்பத்தில ஒராள் இல்ல எண்டதுக்குத்தான் வேணும்."

அவர் எழுந்துபோய்ச் சன்னலருகே நின்றார். பக்கத்து வீட்டில் தறி தட்டும் சத்தம் கேட்டது. "அந்த மலர் ஐந்நூறு அச்சடிச்ச. பள்ளிவாசல்ல ஹஸ்ரத் அத வெச்சி ஜும்ஆவில கதைச்ச. இப்பவும் ரோட்டில காணுற பொடியன்மார், சேரப்போல ஒரு மகன் வேணும் எண்டு சொல்றாங்க. நான் பொய் சொன்னன் எண்டு எழுதி, அதுக்கு சீலும் அடிக்கச் சொல்றீங்க."

"அப்பிடி எழுத வேணாம் சேர். நான் பார்த்தன் எண்டு மட்டும் எழுதுங்க."

"ரெண்டும் ஒண்டுதான்," என்றார் அவர், தணிந்த குரலில். பிறகு மேசையில் உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில், நற்சாட்சிப் பத்திரம் ஒன்று எழுதிக் கொடுத்தார். நஸீறாவைத் தனக்குப் பத்து வருடமாகத் தெரியும் என்றும், அவள் நேர்மையும் நற்குணமும் மார்க்கப் பற்றும் உள்ள பெண்மணி என்றும் அதில் இருந்தது.

"என்ன, தந்தாரா?" என்று கேட்டார் சரீப், ஓட்டோவை இயக்கிக்கொண்டே.

"நல்ல குணமுள்ளவ எண்டு எழுதித் தந்திரிக்காரு."

"அதுக்கு சீல் அடிச்சா நான் ஆட்சேபன குடுப்பன். முப்பது வருஷமா இரிக்கிறவன ஒரு வார்த்த கேக்காம எழுதியிரிக்காரு." அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும், அவர் கண்ணை ரோட்டுக்குத் திருப்பினார்.

இன்னும் நாலு வீடு ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் உம்மாவைப் பார்க்காமல் வெளிநாட்டுக்குப் போனவள் என்று மகளுக்குப் பெயர் வந்துவிடுமாம். இன்னொரு வீட்டில் மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. வீட்டு வேலைக்கு, நோயாளி பார்க்க ஆள் வைக்கிற குடும்பம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைக்கக் கூடாதாம். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்தார்கள். ஒரு வீட்டிலும் அவளை நிற்க வைத்துக் கதைக்கவில்லை.

கடைசியில் ஷிப்லி எழுதித் தந்தான். கட்டாரில் வேலை செய்கிறவன். அவனுடைய உம்மாவைத்தான் அவள் கடைசியாகப் பார்த்தாள், இரண்டு வருடமும் மூன்று மாதமும். போனில் கேட்டதும், "இதுக்கு ஏன் சாச்சி யோசிக்கிறீங்க," என்றான். அடுத்த கிழமை ஊருக்கு வந்த ஒருவரிடம் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்தனுப்பினான். மனைவியிடம் சொல்லி உம்மாவின் கிளினிக் கொப்பியையும் எடுத்துக் கொடுக்க வைத்தான். ஒரு கடிதம் வந்தால் மற்ற இரண்டும் வரும் என்று நஸீறாவின் மனம் ஓடியது. இந்தச் சீலைக் காட்டினால் வேறு யாராவது துணிவார்கள் அல்லவா.

ஜி.எஸ். சேர் இளம் ஆள். கடிதத்தை வாசித்தார். கொப்பியைப் புரட்டினார். முதல் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது ஆர்ர எழுத்து?"

நஸீறா எட்டிப் பார்த்தாள். பராமரிப்பவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில், உறவு முறை என்ற இடத்தில், தங்கச்சி என்று இருந்தது. இரண்டும் அவளுடைய எழுத்து.

"அது சேர், வார்ட்டில சொந்தக்காரர மட்டும்தான் கூட நிக்க விடுவாங்க. அதுக்காக எழுதினது."

"கடிதத்தில உறவில்ல எண்டு இரிக்கு. அரசாங்கக் கொப்பியில தங்கச்சி எண்டு இரிக்கு. ரெண்டில ஒண்டு பொய். நான் எதுக்குச் சீல் அடிக்க?"

"தங்கச்சி எண்டதுதான் பொய்."

"அத நீங்களே எழுதியிரிக்கீங்க." அவர் கோபப்படவில்லை. கொப்பியை மூடி, கடிதத்தை அதன் மேல் ஒழுங்காக வைத்து, இரண்டையும் அவள் பக்கம் நகர்த்தினார். "எனக்கு ஒங்கள நல்லாத் தெரியும் உம்மா. எங்கட பெரியம்மாவையும் நீங்கதானே பார்த்த. ஆனா இதுக்கு நான் சீல் அடிச்சா நாளைக்கு எனக்குக் கேள்வி வரும்."

வெளியே வந்து வேலியோரம் நின்றுகொண்டு நஸீறா மற்றக் கொப்பிகளை நினைத்துப் பார்த்தாள். ஹப்ஸாவின் உம்மாவுடைய கொப்பியில் மச்சி. ஜுனைட் சேர் உம்மாவுடைய கொப்பியில் மகள் முறை. நற்பிட்டிமுனையில் பார்த்தவளுக்குச் சாச்சி மகள். பத்தொன்பது வருடத்தில் ஒரு கொப்பியிலாவது, பார்க்க வந்தவள் என்று அவள் எழுதியதில்லை. எழுத வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. வார்ட்டில் கேட்டார்கள், எழுதினாள். வீட்டுக்கு வந்தவர்கள் ஆர் இது என்று கேட்டால் வீட்டுக்காரர் ஒரு முறை சொல்வார்கள். அவளும் தலையாட்டிவிட்டு அறைக்குள் போவாள். அப்படித் தலையாட்டியது அவளுக்குக் கெட்டித்தனமாகத்தான் இருந்தது. பொறுப்பாக நடக்கிறோம், வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் இருந்தது. ஹப்ஸாவையும் ஜுனைட் சேரையும் குறை சொல்ல அவள் எடுத்த வாய் அந்த வேலியோரத்திலேயே மூடிக்கொண்டது. அவர்கள் சொன்னது அவளும் சேர்ந்து சொன்னதுதான்.

டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை பொதுக் கூட்டம். பட்டியலை அன்றைக்கே முடித்து ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டும். பட்டியலில் இருந்தவர்கள் பெரும்பாலும் என்.வி.கியூ. முடித்த பிள்ளைகள், கடிதத்தோடு வந்தவர்கள் ஏழு பேர், அந்த ஏழு பேரும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் தூர வீடுகளில் நின்று வேலை செய்தவர்கள். உள்ளூரில் பார்த்த ஒருத்திக்கும் கடிதம் கிடைக்கவில்லை. நஸீறாவும் அஸ்னாவும் சேர்த்து அப்படி ஒன்பது பேர் பின்வரிசையில் இருந்தார்கள்.

அப்னா எழுந்து, நஸீறா ராத்தாவுக்கு மட்டும் ஏழாம் விதியில் விலக்குக் கொடுக்க வேண்டும் என்று பிரேரணை கொண்டு வந்தாள். "இந்தச் சங்கத்தச் சேர்த்ததே அவதான். நான் படிச்சிட்டு வந்து, ஆள நோகாமத் திருப்பிறதுக்கு அவட்டத்தான் பழகின," என்றாள். கண் கலங்கியிருந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். "ராத்தாட வேலையில நாங்க கொற சொல்லல்ல. ஆனா ஆஸ்பத்திரிக்கு நாம குடுத்த காகிதத்தில இந்த விதி இரிக்கு. ஒராளுக்கு விட்டா முழுப் பட்டியலையும் சந்தேகப்படுவாங்க. பொறகு எங்கட பேரும் போகும்."

ஹமீட் சேர் பின்வரிசையைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க நஸீறா. விதியக் கொண்டு வந்தது நீங்க."

அவளுக்குச் சொல்வதற்கு இருந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயசு, வேறு வேலை தெரியாது, இந்த இலக்கம் இல்லாவிட்டால் ஜனவரியிலிருந்து என்னை ஆரும் கூப்பிட மாட்டார்கள் என்று சொல்ல இருந்தது. எழுந்து நின்றபோது பக்கத்தில் அஸ்னாவின் வெளுத்த விரல்கள் மேசை மேல் இருப்பதைக் கண்டாள்.

"எனக்கு விடுறதெண்டா அஸ்னாவுக்கும் விடணும்," என்றாள். "அவட படிவத்த நான்தான் திருப்பிக் குடுத்த. இந்த வரிசையில இரிக்கிற எல்லாருக்கும் விடணும்."

அது அவளுக்கு உதவவில்லை. ஒருத்திக்காகக் கை தூக்க இருந்தவர்களும், ஒன்பது பேர் என்றதும் யோசித்தார்கள். வாக்கெடுத்தார்கள். பதினொரு கை பிரேரணைக்கு உயர்ந்தது. இருபத்தொரு கை எதிராக. முழு உறுப்பினர் அல்லாத பின்வரிசைக்காரர்களுக்கு வாக்கு இல்லை. ஹமீட் சேர் முடிவை வாசித்துவிட்டு, நஸீறாவைச் சங்கத்தின் ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆலோசகருக்கு இலக்கம் உண்டா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார்.

"வேணாம் சேர்."

அஸ்னா அவளுடைய பையை எடுத்துக் கொடுத்தாள். "வாங்க ராத்தா, மழை வரப் பார்க்குது," என்றாள். நான் சொன்னேனே என்று அவள் சொல்லாதது நஸீறாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜனவரியில் இரண்டு பேர் போன் எடுத்தார்கள். இருவரும் உறுப்பினர் இலக்கம் கேட்டார்கள். பிறகு யாரும் எடுக்கவில்லை. நஸீறா வீட்டில் மீன் ஆக்கினாள். சரீப் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ருசியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மாசி பிறந்து பத்து நாள் போயிருக்கும். ஒரு பகல் கல்முனையிலிருந்து ஒரு பெண் எடுத்தாள். குரலைத் தாழ்த்திக் கதைத்தாள். உம்மா விழுந்து இடுப்பு முறிந்து கிடக்கிறாவாம், கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்றாள். ஓட்டோவை ஒழுங்கை முனையிலேயே நிறுத்தச் சொன்னாள். நஸீறா நடந்து போய்ப் பின்கதவால் உள்ளே போனாள்.

அறையில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. அதற்கும் கீழே இருந்த வாடை வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிழவி மல்லாக்கக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. நஸீறா முந்தானையைச் செருகிக்கொண்டு, மடித்த துணியை விட்டு, மெல்ல ஒருபக்கம் சரித்தாள். முதுகின் அடியில், இடுப்பெலும்பின் மேல், உள்ளங்கை போகும் அளவுக்குப் புண். நடுவில் வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு.

"எத்தின நாளாத் திருப்பாமக் கிடக்கிறா?"

"ஆஸ்பத்திரியால வந்து மூண்டு கிழம." மகள் வாசற்படியிலேயே நின்றாள். "பட்டியல் ஒண்டு தந்தாங்கதான். அதில இரிக்கிற ஆக்களக் கூப்பிட்டா அட்டை போட்டுக்கொண்டு முன்வாசலால வருவாங்களாம், மாசா மாசம் விசாரிக்கவும் வருவாங்களாம். பொறகு ஊருக்கெல்லாம் தெரிஞ்சிரும், உம்மாவ நாங்க பார்க்கல்ல எண்டு. அட்டை இல்லாத ஆள் ஆரும் இரிக்காங்களா எண்டு தேடித் தேடி, இண்டைக்குத்தான் ஒங்கட நம்பர் கிடைச்ச."

நஸீறா கிழவியை மெல்லப் பழையபடி விட்டாள். பிறகு, "இது என்ட கையில இல்ல மகள். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்," என்றாள்.

"அங்க கேப்பாங்க, இவ்வளவு நாள் என்ன செஞ்ச எண்டு."

"கேக்கட்டும்."

"என்ட புருஷன் வெள்ளிக்கிழமதான் வருவார். அவர்ட்டக் கேக்காம ஏலாது."

அன்றைக்குத் திங்கட்கிழமை. நஸீறா இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். மகள் அழுதாளே தவிர அசையவில்லை. அப்னாவுக்கு எடுத்துச் சொன்னால் அவள் ஹமீட் சேரிடம் சொல்லுவாள், ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது வருவார்கள். நஸீறா அந்தப் பெண்ணைப் பாராமல் போனை எடுத்து, அப்னாவின் பெயரை அழுத்தினாள்.

"என்ன செய்றீங்க?" என்று மகள் கேட்டாள்.

"ஒங்கட உம்மாவுக்காகக் கதைக்கிறன்."

"எங்கட வீட்டு வாசல்ல இனி நீங்க மிதிக்க வேணாம்."

"சரி மகள். அது வரைக்கும் கொஞ்சம் தண்ணி கொதிக்க வெச்சி, ஆற்றித் தாங்க."

போன் அந்தப் பக்கம் அடித்துக்கொண்டே இருந்தது. வாக்கெடுத்த அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு நஸீறா அப்னாவோடு கதைக்கவில்லை. அப்னா எடுத்த நேரங்களில் இவள் எடுக்கவில்லை. இப்போது அவளும் எடுக்கவில்லை. நஸீறா மறுபடியும் அழுத்திவிட்டு, போனைத் தலைமாட்டில் வைத்து, கிழவியின் காதுக்குக் குனிந்தாள். கிழவிக்கு எல்லாம் கேட்டிருக்கும் என்று அந்தக் கண்ணில் தெரிந்தது.

"உம்மா, நான் இப்ப ஒங்கள இடப்பக்கம் திருப்பப் போறன். நோகும்."

திருப்பினாள். நொந்தது.